உங்களுக்குத் தெரியுமா? தூரிகையில் தொடங்கிய ராப் பாடகி

உலகம் 'எம்.ஐ.ஏ.' என்று அறிந்திருக்கும் ராப் பாடகி ஒரு தமிழ்ப்பெண். இயற்பெயர் மாதங்கி 'மாயா' அருள்பிரகாசம்.

● 1975இல் லண்டனில் பிறந்தார். ஆறு மாதக் குழந்தையாக இலங்கைக்குச் சென்றவர், 1986இல் அங்கு நடந்த உள்நாட்டுப் போருக்குத் தப்பி, அகதியாக லண்டன் திரும்பினார்.

● முதலில் ஓவியர். லண்டன் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியில் படித்தார். அட்டையில் உருவத்தை வெட்டியெடுத்து, அந்த இடைவெளி வழியே வண்ணம் பீய்ச்சும் 'ஸ்டென்சில்' முறையில் புலிகளையும் பனைமரங்களையும் தீட்டி, 2001இல் கண்காட்சி வைத்தார்.

● 2003இல் 'கலாங்' பாடல் முதலில் வெறும் 500 இசைத்தட்டுகளாக வந்தது. அதன் காணொளியின் பின்னணியில் அசைபவை அவரே வரைந்த ஓவியங்கள்!

● முதல் ஆல்பத்துக்குத் தந்தை ஈழப் போராட்ட இயக்கத்தில் வைத்துக்கொண்ட பெயரான 'அருளர்' (2005), இரண்டாவதுக்குத் தாயின் பெயரான 'கலா' (2007) என்று பெயரிட்டார். 'கலா'வின் ஒரு பகுதி சென்னையில் பதிவானது. நம் உறுமி மேளம் அதில் அதிர்கிறது.

● 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தில் ஏ.ஆர்.ரஹ்மானுடன் உருவாக்கிய 'ஓ... சாயா' ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

● 2019இல் பிரிட்டன் அரசின் எம்.பி.இ. விருது அறிவிக்கப்பட்டது. அந்தப் பதக்கங்களைப் பல ஆண்டுகள் கையால் தைத்தவர், தையல் தொழிலாளியான தன் தாய்தான் என்று பெருமையோடு சொன்னார் மாயா.

நம் உத்திரமேரூர்ப் பக்கமும் மாயாவைப் போலச் சுவரில் படம் வரையும், சொந்தமாகப் பாட்டுக் கட்டும் பிள்ளைகளைக் கண்டால் அதட்டாதீர்கள்; வண்ணமும் மேடையும் கொடுங்கள்.