புது வீட்டு வாசம்

கிரகப்பிரவேசத்தில் பால் பொங்குவதற்குள் நாலு பேருக்காவது கண் எரியும். பழி ஹோமப் புகைமேல் விழும். புகை அடங்கிய மறுநாள் அதே வீட்டில் ஒரு கப்போர்டைத் திறந்து முகத்தை உள்ளே நீட்டிப் பாருங்கள். மூக்கில் சுருக்கென்று ஏறும் அந்த நெடியில் பெரும் பங்கு ஃபார்மால்டிஹைடு என்ற வாயுவுக்கு உண்டு. அது வருவது கப்போர்டின் பலகையிலிருந்து.

மரத்தடியைச் சுழலவிட்டு, பென்சில் சீவுவதுபோல மெல்லிய ஏடுகளாக உரிக்கிறார்கள். அவற்றைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, பசை தடவி, சூட்டில் அழுத்தினால் பிளைவுட். மலிவான பலகைகளில் அந்தப் பசை யூரியாவும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்த பிசின். வினையில் சேராமல் மிஞ்சிய வாயு மெல்லக் கசியும். அதோடு முடிந்தால் பரவாயில்லை; ஈரக் காற்று பட்டால் இந்தப் பிசினே சிறிது சிறிதாக உடைந்து மறுபடி வாயுவை விடும். வெயிலும் புழுக்கமும் கூடினால் கசிவும் கூடும். சென்னைக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பெயிண்ட் வாடை சில வாரங்களில் அடங்கிவிடும். பலகை மாதக்கணக்கில் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். ஆசாரி மைக்கா ஒட்டும் வெள்ளைப் பசையைச் சிலர் சந்தேகப்படுகிறார்கள். பாவம், அது பெரும்பாலும் நிரபராதி.

ஃபார்மால்டிஹைடுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு, அரை மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 0.1 மில்லிகிராம். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் இந்த வாயுவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது.

கடையில் பலகையின் வெட்டுமுனையைப் பாருங்கள். ஏடுகளுக்கு நடுவே கரும்பழுப்புக் கோடு ஓடினால் ஃபீனால் பிசினாக இருக்கலாம். அது தண்ணீருக்கு அசையாது, கசிவும் மிகக் குறைவு. நிறத்தை மட்டும் நம்பாமல் ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையையும் தேடுங்கள். விலை கூடத்தான். என்னைக் கேட்டால், ஃபால்ஸ் சீலிங்கில் கொஞ்சம் குறைத்து இதில் போடலாம்.

இன்னொன்று: மைக்கா கண்ணுக்குத் தெரியும் பக்கத்தில் மட்டும் ஒட்டப்படுகிறது. சுவரைப் பார்த்த முதுகும், தட்டுகளின் அடியும், அறுத்த ஓரங்களும் வெறுமையாக நிற்கின்றன. வாயு அதிகம் வெளியேறுவது அந்த வழியாகத்தான். மாட்டுவதற்கு முன்பே அவற்றையும் மூடச் சொல்லுங்கள்.

முகூர்த்தத்தை மாற்ற முடியாதென்றால் பாலை மட்டும் காய்ச்சிவிட்டு, குடிபோவதைச் சில வாரம் தள்ளிப்போடலாம். அதுவரை இழுப்பறைகளை உருவி வெளியே வைத்து, எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து போடுங்கள். நெடி போக சாம்பிராணி மட்டும் வேண்டாம். அந்தப் புகையிலும் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது.