24-0-24 என்றால் 24 வோல்ட் அல்ல

டீயைக் குடி தம்பி, நிதானமாகச் சொல்கிறேன். ஆடிக் கிருத்திகைக்குள் உன் ஆம்ப்ளிஃபையர் பாட வேண்டும் என்கிறாய். திருத்தணியில் ரயிலேறிச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் எல்லாச் சாமானும் கிடைக்கும். போகுமுன் கணக்கைப் போட்டுவிடு.

5200, 1943 டிரான்சிஸ்டர் போட்ட போர்டு; 24-0-24, 3 ஆம்பியர் டிரான்ஸ்பார்மர் என்று வைத்துக்கொள்வோம். அந்த 24, ஏசி வோல்ட். டயோடு பிரிட்ஜைத் தாண்டிக் கண்டன்சரில் ஏறுவது அலையின் உச்சி. 24-ஐ 1.414-ஆல் பெருக்கு: 34 வோல்ட் டிசி. வீட்டு லைன் 230 என்றாலும் ராத்திரியில் 250-க்கு ஏறுவதுண்டு. அப்போது இது 37 ஆகும். லோடு இல்லாவிட்டால் டிரான்ஸ்பார்மர் இன்னும் சற்றுக் கூடுதலாகத் தரும். ஆகவே 35 வோல்ட் கண்டன்சரைத் தொடாதே. 50 வாங்கு, 63 என்றால் இன்னும் நல்லது. உன் போர்டு அந்த வோல்ட்டைத் தாங்குமா என்றும் கேட்டுக்கொள்.

அடுத்தது வெப்பம். கோடையில் நம் ஊர் 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டுகிறது. மூடிய பெட்டிக்குள் அதைவிட அதிகம். எலக்ட்ரோலிடிக் கண்டன்சரின் ஆயுள், சூடு 10 டிகிரி கூடினால் ஏறக்குறையப் பாதியாகும். 85 டிகிரி என்று அச்சிட்டதை விட்டு, 105 போட்டதை எடு. ஹீட்சிங்கை ஒட்டி வைக்காதே. உடம்பில் கோடு போட்ட கால் மைனஸ். மாற்றிப் போட்டால் வெடிக்கும்.

டிரான்ஸ்பார்மரில் செம்புக் கம்பியா என்று கேள். அதே தடிமன் அலுமினியத்துக்கு மின்தடை சுமார் 1.6 மடங்கு, அதனால் அதிகம் சூடாகும். ஆட்டோ டிரான்ஸ்பார்மர் வேண்டவே வேண்டாம். அதில் இரண்டு பக்கமும் ஒரே சுற்று; மெயின்ஸ் நேராக உன் ஸ்பீக்கர் ஒயருக்கு வந்துவிடும். பிரைமரிக்கும் இரும்புக்கும், பிரைமரிக்கும் செகண்டரிக்கும் இடையே மெக்கர் வைத்து இன்சுலேஷனைப் பார்க்கச் சொல்.

பிரைமரியில் 1 ஆம்பியர் ஸ்லோ-ப்ளோ பியூஸ் போடு. இரைச்சலைக் குறைக்க லைனுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே கண்டன்சர் போடுவதானால், எக்ஸ்2, 275 வோல்ட் ஏசி என்று அச்சிட்டது மட்டுமே. சாதாரணக் கண்டன்சர் அங்கே தீப்பிடிக்கும். இரும்புப் பெட்டியை மூன்று முள் பிளக் வழியாக எர்த்தோடு சேர்.

முதல் தடவை ஆன் செய்யும்போது 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் மாட்டு. ஒரு கணம் எரிந்து மங்கினால் சரி. பளிச்சென்றே நின்றால் எங்கோ ஷார்ட். உடனே பிளக்கைப் பிடுங்கு.

அணைத்த பிறகும் கண்டன்சரில் சார்ஜ் நிற்கும். பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் இடையே 68 வோல்ட் இருக்கும். ஒவ்வொரு பக்கமும் 2.2 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் போட்டால் ஒன்றிரண்டு நிமிடத்தில் வடிந்துவிடும். அப்போதும் மீட்டர் வைத்துப் பார்க்காமல் கை வைக்காதே.

கேபினெட், நாப், விளக்கு அலங்காரம் எல்லாவற்றிலும் காசை மிச்சம் பிடி, தம்பி. மெயின்ஸ் பக்கத்தில் மட்டும் ஒரு ரூபாய்கூட மிச்சம் பிடிக்காதே.