குளத்து மீனில் யாருக்குப் பங்கு?

ஐப்பசி மழையில் திண்டுக்கல் பகுதிக் குளங்களுக்கு நீர் வந்ததும் கட்லா, ரோகு குஞ்சுகளை விடுவார்கள். மறுகால் பாய்ந்தால் ஓடையில் கெண்டையும் கெளுத்தியும் ஏறும். தூண்டிலோடு காலனிப் பிள்ளைகள் நிற்பார்கள். அவர்களுக்குக் கிடைப்பது அந்த ஓடை மீன்தான். குளத்து மீன் ஏலம் எடுத்தவருக்கு.

மடையைத் திறந்து அடைக்கும் நீர்பாய்ச்சி, தென்மாவட்டங்களில் பெரும்பாலும் தலித். கூலி, அறுவடையில் நெல். மழை இரவில் கரையைக் காப்பவரும் அவரே. மீன்பாசி ஏலத்தில் மட்டும் வேடிக்கை பார்ப்பவர். ஏலம் கேட்கப் பணமும் வேண்டும், ஆள்பலமும் வேண்டும்.

சின்ன விஷயமா இது? மதுரை மாவட்டம் மேலவளவில் தலித் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் வந்தவர்களும் 1997 ஜூன் 30-ல் வெட்டிக் கொல்லப்பட்டனர். பொதுச்சொத்து ஏலங்கள் கைமாறிவிடும் என்ற ஆத்திரமும் அதன் பின்னால் இருந்தது.

உங்கள் ஊர் ஏல அறிவிப்பு காலனியிலும் ஒட்டப்படுகிறதா? ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள்.