குட்டி யானையின் குணங்கள்

தணிக்கைக்காகச் சங்கங்களுக்குச் செல்லுமிடத்து, கணக்குப் புத்தகங்களைப் பற்றிய பேச்சு முடிந்ததும் பெரும்பாலும் நம் காதில் விழுவது சங்கத்து வண்டியைப் பற்றிய முறையீடேயாகும். காலியாகப் போனால் தூக்கித் தூக்கிப் போடுகிறது. இருக்கைக்கு அடியிலிருந்து அனல் வீசுகிறது. தார்ப்பாய் கட்டியும் சேலைப் பெட்டிகளில் தூசி ஏறிவிடுகிறது. பஞ்சரானால் நடுச்சாலையில் மல்லாந்து படுத்து ஸ்டெப்னியை இறக்க வேண்டியிருக்கிறது. இவ்வளவு பணம் பெற்றுக்கொண்டு வண்டி செய்தவர்களுக்கு இதுகூடத் தெரியாமற் போயிற்றா என்று நிர்வாகக் குழு அங்கத்தினர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால் விடை தெரியாமல் பட்டறைக்கு ஓட்டிச் சென்று செய்கின்ற திருத்தங்கள் சில, சிறிய அசௌகரியத்தைப் போக்கிப் பெரிய ஆபத்தை வண்டியில் ஏற்றிவிடுகின்றன. இதை எழுத நேர்ந்ததற்கு அதுவே காரணம்.

2005-ஆம் ஆண்டு மே மாதத்தில் டாட்டா ஏஸ் வண்டி சந்தைக்கு வந்தது. இரண்டு சிலிண்டர், 702 கன சென்டிமீட்டர், 16 குதிரைசக்தி. ஏற்றும் பாரம் முக்கால் டன். நம் மக்கள் அதற்குக் குட்டி யானை என்று பெயரிட்டார்கள். 2011-இல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் வேறு பல கம்பெனிகளின் பிக்கப் வண்டிகள் வந்துள்ளன. உருவத்திலும் விலையிலும் வேறுபட்டாலும், குணத்தில் இவை ஒரு குடும்பத்துப் பிள்ளைகளே.

முதலில் அந்தத் தூக்கிப் போடுதலை எடுத்துக்கொள்வோம். கார் ஒன்றில் நான்கு பேர் ஏறினாலும் அதன் மொத்த எடை பெரிதாக மாறிவிடுவதில்லை. குட்டி யானையோ தன் எடைக்கு ஏறத்தாழச் சமமான சரக்கைச் சுமப்பதற்குப் பிறந்தது. காலை ஏழு மணிக்கு இருந்த எடை எட்டு மணிக்கு இரட்டிப்பாகிவிடும். அந்த இரட்டை எடையைத் தாங்குவதற்கென்றே பின் அச்சின் மேல் எஃகுப் பட்டைகளை அடுக்கியிருக்கிறார்கள். ஓட்டுநர்கள் பிளேட் என்று சொல்வது அதைத்தான். பாரம் ஏறினால் அவை வளைந்து கொடுக்கும். பாரம் இல்லாதபோது வளைய மறுக்கும்; குழியின் அதிர்ச்சி முழுதும் அப்படியே மேலே வரும். ஆகவே காலி வண்டியின் குதிப்பு ஒரு பழுதன்று. சரக்கோடு செல்லும்போது கிடைக்கும் உறுதிக்கு, திரும்பி வரும்போது நாம் செலுத்தும் விலை அது. அந்த விலையைச் சிறிது குறைக்க வழியுண்டு. காலி வண்டிக்கும் பாரவண்டிக்கும் தனித்தனியே எவ்வளவு காற்று அடைக்க வேண்டும் என்பது பல வண்டிகளில் கதவோரத்து அட்டையிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. அதைப் படித்துப் பார்த்த ஓட்டுநர்களை நாம் விரல்விட்டு எண்ணிவிடலாம். மீதப்பட்ட தக்காளிப் பெட்டியையும் முட்டை அட்டையையும் பின்கதவருகே வைக்காமல், ஓட்டுநர் அறையை ஒட்டி வைத்தாலும் சேதம் குறையும். பின் அச்சுக்கு அப்பால் இருக்கும் வால்பகுதியே அதிகம் ஆடுவது.

இனி, பட்டறைத் திருத்தத்துக்கு வருவோம். விளைபொருள் விற்பனைச் சங்கம் ஒன்றில், வண்டியின் பின்புறம் பாரத்தால் தாழ்ந்துபோகிறது என்று கருதி, பக்கத்துக்கு இரண்டு பிளேட்டுகள் கூடுதலாகச் சேர்த்திருந்தனர். பற்றுச்சீட்டு ஒழுங்காக இருந்தது, தீர்மானமும் இருந்தது. ஓட்டுநர் மட்டும் மெல்லச் சொன்னார்: "இப்ப பாரம் ஏத்தினாலும் வண்டி நிமிர்ந்துதான் நிக்குது ஐயா. ஆனா இறக்கத்துல பிரேக் முன்ன மாதிரி பிடிக்கல."

அவர் சொன்னதில் பொருள் இருக்கிறது. இவ்வகை வண்டிகள் பலவற்றில், பின் அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையே ஒரு சிறு கம்பியும் அதனோடு இணைந்த வால்வும் உண்டு. குனிந்து பார்த்தாலன்றிக் கண்ணுக்குப் படாது. பாரம் ஏறித் தளம் கீழிறங்கும்போது, அந்தக் கம்பி அசைந்து, பின் சக்கரங்களின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் செல்ல வழிவிடும். வண்டி காலியாகித் தளம் உயர்ந்ததும் அழுத்தத்தைக் குறைத்துவிடும். காலி வண்டியில் பின் பிரேக் முழு வலிமையோடு பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்கிச் சுழலும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. தளம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பது ஒன்றே அந்த வால்வு அறிந்த தராசு. கூடுதல் பிளேட் போட்டுத் தளத்தைத் தாழவிடாமல் செய்துவிட்டால், ஒரு டன் சரக்கு ஏறியிருந்தாலும் வண்டி காலியாக இருக்கிறதென்றே அது எண்ணிக்கொள்ளும். பின் பிரேக்குக்குச் செல்ல வேண்டிய அழுத்தம் செல்லாது. முன் பிரேக்குகளே முழுச் சுமையையும் ஏற்கும். வண்டி நிற்பதற்குத் தூரம் அதிகமாகும். சமவெளியில் இது தெரியாமலே போகலாம். கொல்லிமலையிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் வாழைத்தாரும் மிளகு மூட்டையும் ஏற்றி இறங்கும் வண்டிக்கு இது உயிர்ப் பிரச்சினை.

தயாரிப்பாளர் அமைத்ததை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடை விதிக்கிறது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக் கம்பெனியும் கேள்வி எழுப்ப இடமுண்டு. மேற்படி சங்கத்தார் அடுத்த குழுக் கூட்டத்திலேயே பிளேட்டுகளைக் கழற்றத் தீர்மானித்தார்கள். கழற்றிய செலவையும் நாம் ஆட்சேபிக்கவில்லை.

பிளேட் சேர்க்கும் ஆசை எங்கிருந்து பிறக்கிறதென்றால், தளம் நிறையாமல் பாரம் நிறைந்துவிடுகிறது என்பதிலிருந்துதான். தக்காளிப் பெட்டி ஒன்று 25 கிலோ என்று கொண்டால், முப்பது பெட்டிகளிலேயே முக்கால் டன் முடிந்துவிடும். தளத்தைப் பார்த்தால் இன்னும் இடம் இருக்கிறது. ஒட்டன்சத்திரம் சந்தை வாசலில் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவர எந்த உழவருக்கு மனம் வரும்? ஆனால் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப்பின் 194-ஆம் பிரிவின்படி, அதிகப் பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். அதிகச் சரக்கை இறக்கும் செலவு வேறு. நெசவாளர் சங்கத்தின் நிலைமை நேர் எதிர். சென்னிமலைப் போர்வைக் கட்டுகளால் தளம் நிறைந்து, தார்ப்பாய்க் கயிறு எட்டாத உயரத்துக்குப் போனபின்பும், எடை அனுமதித்த அளவுக்குக் கீழேயே நிற்கும். ஆகவே உழவர் சங்கத்துக்கு ஏற்ற வண்டி நெசவாளர் சங்கத்துக்கு ஏற்காது. ஒருவருக்குத் தாங்கும் திறன் வேண்டும். மற்றவருக்குத் தளத்தின் நீள அகலம் வேண்டும். எனினும் விலைப்புள்ளி கோரும்போது எல்லாச் சங்கங்களும் எழுதுவது "ஏற்றும் திறன்" என்ற ஒரே வரியைத்தான்.

அந்த வரியில் அடங்காத இன்னொன்று தளத்தின் உயரம். ஏஸ் போன்ற வண்டியில் 12 அங்குலச் சக்கரம் வைத்திருப்பதைப் பார்த்துப் பொம்மை வண்டி என்று நகைப்பவர் உண்டு. சக்கரம் சிறிதானதால்தான் தளம் தாழ்ந்தும், சக்கரப் புடைப்பு இல்லாமல் சமமாகவும் இருக்கிறது. பெரிய சக்கரம் குழிகளை எளிதில் கடக்கும். ஆனால் தளம் உயர்ந்துவிடும். இடுப்புயரத்தில் மூட்டையைத் தள்ளுவதற்கும் நெஞ்சுயரத்துக்குத் தூக்குவதற்கும் உள்ள வேற்றுமை, நாள் முழுதும் சுமை ஏற்றுபவரின் முதுகுக்குத் தெரியும். வண்டி பார்க்கச் செல்லும்போது தலைவரும் செயலாளரும் போகிறார்களே தவிர, ஏற்றி இறக்குபவரை ஒருவரும் அழைத்துச் செல்வதில்லை.

மாட்டு வண்டி பூட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்றால் விளக்க வேண்டியதில்லை. பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழும்பிப் பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். மாடு உடனே தெரிவித்துவிடும். மோட்டார் வண்டிக்குக் கழுத்தில்லை. பின்கதவைத் திறந்து தொங்கவிட்டு, அதன் மேலும் மூட்டை அடுக்கினால், முன் சக்கரங்கள் தரையை அழுத்துவது குறைந்து, ஸ்டியரிங் இலேசாகிவிடும். திருப்புவதற்குச் சுலபமாக இருக்கிறது என்று ஓட்டுநர் மகிழ்வாரானால், அது மகிழத்தக்கதன்று.

இருக்கைக்கடியில் எஞ்சின் இருப்பது இன்னொரு முறையீடு. ஆயில் பார்க்க வேண்டுமானால் குமாஸ்தா கீழே இறங்கி நிற்க வேண்டும். இருக்கையைத் தூக்க வேண்டும். சித்திரை மாதத்தில் அதன்மேல் அமர்ந்து வருவது ஒரு தவம். முன்னால் மூக்கு வைத்து அதற்குள் எஞ்சினை அடக்கியிருந்தால் இத்தொல்லை இராது. ஆனால் அந்த நீளம் முழுதும் சரக்குத் தளத்திலிருந்து கழிந்திருக்கும். தறிக்காரர் வீதிகளில் ஏஸ் வண்டி 4.3 மீட்டர் ஆரத்தில் திரும்பிவிடுவது இந்தக் குறுகிய உருவத்தால்தான்.

எஞ்சினை எங்கே வைப்பது என்பதில் ஜப்பானியர் வேறொரு வழியும் கண்டனர். 1961-இல் வெளிவந்த சுபாரு சாம்பர் என்னும் சிறு சரக்கு வண்டிக்கு எஞ்சின் வாலில். காலி வண்டி சேற்றிலும் மேட்டிலும் ஏறும்போது, பின் சக்கரத்தின் மேல் எடை இல்லாமையால் சக்கரம் சுழலுமேயன்றி வண்டி நகராது என்பதை நம் உழவர்கள் அறிவர். எஞ்சினின் எடையே அங்கு இருந்தால் அக்குறை பெரிதும் நீங்கும். அந்நாட்டு உழவர் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக விற்பதற்கென்றே இவ்வண்டியில் தனி வகை ஒன்றும் இருந்தது என்பது நம் அங்கத்தினர்களுக்குச் சுவையான செய்தியாகும். சுபாரு 2012-இல் அதன் உற்பத்தியை நிறுத்தியது.

எல்லா வினோதங்களும் பாரத்தால் வந்தவையல்ல. சில சட்டத்தால் வந்தவை. ஐரோப்பிய நாடுகள் அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு வரி விதித்தன என்பதற்காக, 1963-இன் இறுதியில் அமெரிக்கா, வெளிநாட்டுச் சிறு சரக்கு வண்டிகளுக்கு 25 சதவீத வரி விதித்தது. கோழிச் சண்டை ஓய்ந்தபின்பும் வரி அரை நூற்றாண்டுக்கு மேல் நின்றது. 1978-இல் அங்கே விற்பனைக்கு வந்த சுபாரு பிராட் வண்டியில், சரக்குத் தளத்தில் பின்னோக்கி இரண்டு இருக்கைகளைப் பொருத்தியிருந்தார்கள். காரணம் தெரியாதவர்களுக்கு அது கோமாளித்தனமாகத் தோன்றும். இருக்கை இருந்தால் அது பயணிகள் வண்டி, வரி குறைவு. நம் நாட்டிலும் மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு பர்மிட் தேவையில்லை என்று 66-ஆம் பிரிவு கூறுவதை, வண்டி தேர்ந்தெடுக்கும் குழு நினைவிற் கொள்வது நல்லது.

தளத்தில் ஆட்களை ஏற்றும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சரக்கின் சொந்தக்காரருக்கோ அவர் அனுப்பிய பிரதிநிதிக்கோ கட்டாயக் காப்பீடு உண்டென 1994-ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் செல்லத் தளத்தில் ஏறிக்கொள்பவர்களுக்கு அது இல்லை. சங்கத்து வண்டி அங்கத்தினர்களின் சொத்துத்தானே என்று வாதிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தூசி விஷயம் எளிது. ஓடும் வண்டியின் அறைக்குப் பின்னால் காற்று சுழன்று, வாலிலிருந்து முன்னோக்கி வரும். பின்கதவின் இடுக்கு வழியே சாலைத் தூசியையும் இழுத்துக்கொள்ளும். முன்புறத்தை மட்டும் இறுகக் கட்டிப் பின்னே தளர விட்ட தார்ப்பாயால் பயனில்லை. தளத்துத் தகட்டை மேடு பள்ளமாக நெளித்திருப்பது, பனையோலை விசிறியின் மடிப்பைப் போல, மெல்லிய தகட்டுக்கு விறைப்புத் தருவதற்காக. அந்தப் பள்ளங்களில் தேங்கும் மழைநீர் சேலைப் பெட்டியின் அடியை நனைத்துவிடும் என்பதால், நெசவாளர் சங்கங்கள் பலகை ஒன்றைப் பரப்பிக்கொள்வதே சிக்கனம். ஸ்டெப்னி அடியில் தொங்குவது தளம் காலியாக இருக்க வேண்டும் என்பதற்காக. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இறக்கி, மரையில் கிரீஸ் தடவி ஏற்றினால், மழையிரவில் துருவோடு மல்லாட வேண்டியிராது.

2020 ஏப்ரலுக்குப்பின் வந்த சில டீசல் வண்டிகளில் புதிய தொல்லை ஒன்று சேர்ந்திருக்கிறது. புகையிலுள்ள கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி அடைபட்டால் முகப்பில் ஒரு விளக்கு எரியும். நீண்ட தூரம் சீரான வேகத்தில் ஓடி, புகைக்குழாய் நன்கு சூடேறினால், கரி தானே எரிந்துபோகும். கிடங்கிலிருந்து கடைத்தெருவுக்கு இரண்டு மைல் போய்வரும் சங்கத்து வண்டிக்கு அந்தச் சூடு ஒருநாளும் ஏறுவதில்லை. கையேட்டில் கூறியபடி அவ்வப்போது வெளிச்சாலையில் ஓட்டிவரச் செய்து, அந்தப் பயணத்தைக் காரணத்தோடு பதிவேட்டில் எழுதினால், தணிக்கையில் டீசல் செலவு மறுக்கப்படாது. விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டி மறைத்திருப்பதை இரண்டு சங்கங்களில் கண்டோம். ஒன்றில் டேப்பை உரித்துப் பார்த்தபோது, விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.