மார்க் அதிகம், என்ஜினில் இடம் இல்லை! ரெயில் டிரைவர் வேலைக்கு ‘மனப் பரீட்சை’ ஏன்?

“அவனும் ஐ.டி.ஐ., நானும் ஐ.டி.ஐ. எனக்குத்தான் மார்க் ஜாஸ்தி. அவனுக்கு வேலை கிடைச்சுட்டுது. எனக்கு ஏன் கிடைக்கலே?”

ரெயில்வேயில் உதவி லோகோ பைலட் வேலைக்கு மனு போட்ட வாலிபர்களின் வீடுகளில் அடிக்கடி எழும் கேள்வி இது. ‘சிபாரிசா? பணமா?’ என்று சந்தேகமும் கிளம்புகிறது.

இரண்டும் இல்லாமலே இப்படி நடக்கலாம். காரணம், மூன்றாவதாக வரும் ஒரு பரீட்சை.

5 சோதனைகள்

முதல் இரண்டு தேர்வுகளிலும் கணக்கு, விஞ்ஞானம் எல்லாம் உண்டு. அதில் தேறியவர்களுக்குத்தான் கம்ப்யூட்டர் மூலம் மனத்திறன் பரீட்சை. ஞாபக சக்தி, சொன்னபடி செய்வது, தூரத்தைக் கணிப்பது, கவனம், பார்த்த உடனே அடையாளம் பிடிப்பது என்று 5 சோதனைகள்.

ஒவ்வொன்றிலும் குறைந்தது 42 ‘டி-ஸ்கோர்’ வேண்டும். இது நூற்றுக்கு 42 அல்ல. பரீட்சை எழுதிய மற்றவர்களோடு ஒப்பிட்டுப் போடும் கணக்கு. சராசரி ஆசாமிக்கு 50. நாலில் பிரமாதமாகச் செய்து, ஒன்றில் 41 வந்தாலும் அவுட்! எந்தப் பிரிவினருக்கும் சலுகை கிடையாது.

ஒரு வினாடியில் 28 மீட்டர்

இவ்வளவு கண்டிப்பு எதற்கு? 100 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் ரெயில் ஒரு வினாடியில் சுமார் 28 மீட்டர் பாய்ந்துவிடும். இரண்டு வினாடி கவனம் சிதறினால் 55 மீட்டர் போய்விடும். அதற்குப் பிறகுதான் பிரேக்! பின்னால் நூற்றுக்கணக்கான உயிர்கள்.

டிராம் கற்றுக்கொடுத்த பாடம்

இந்த யோசனை நூறு வருஷத்துக்கு முந்தியது. அமெரிக்காவில் டிராம் விபத்துகள் பெருகின. ஹார்வர்டு பேராசிரியர் ஹியூகோ மன்ஸ்டர்பெர்க், பாஸ்டன் நகர டிராம் டிரைவர்களைச் சோதித்தார். ஒரு நீள அட்டை, நடுவில் தண்டவாளம், இருபுறமும் எண்கள். 1 என்றால் மனிதன், 2 குதிரை, 3 மோட்டார். கறுப்பு எண்ணால் ஆபத்து இல்லை. சிவப்பு எண் தண்டவாளத்தை நோக்கி வருகிறது. எது குறுக்கே வந்து சேரும் என்று சட்டென்று சொல்ல வேண்டும்.

வேகத்தை மட்டும் அவர் பார்க்கவில்லை. விட்டுப்போனதையும் கணக்கில் சேர்த்தார். வருஷக்கணக்கில் விபத்தே செய்யாதவர்களுக்கும், வேலை போகும் நிலையில் இருந்தவர்களுக்கும் வித்தியாசம் தெரிந்தது. 1913-ல் வெளிவந்த புத்தகத்தில் இதை எழுதினார்.

தேறாதவர் மட்டமா?

இல்லவே இல்லை! பல பக்கமும் கவனம் ஓட வேண்டியது டிரைவர் வேலை. ஒரே இடத்தில் உட்கார்ந்து நுணுக்கமாகப் பார்ப்பது வேறு வேலை. என்ஜினில் தேறாதவர் ஒர்க்‌ஷாப்பில் கெட்டிக்காரராக இருக்கலாம். ஆள் ஒன்று, வேலைக்கு வேலை மதிப்பு வேறு.

தேறியவரும் எந்நேரமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. பரீட்சையில் 60 எடுத்தவரும் தூக்கம் கெட்டால், விடியற்காலை 3 மணிக்கு அதே ஆள் அல்ல. ஆளைப் பொறுக்கி எடுப்பது பாதி வேலைதான். ஓய்வு கொடுப்பது மீதிப் பாதி.

அதில் வீட்டாருக்கும் பங்கு உண்டு. நைட் டூட்டி முடிந்து வந்தவர் பட்டப்பகலில் படுத்திருந்தால் ‘சோம்பேறி’ என்று எழுப்பாதீங்க. அன்று ராத்திரி அவரை நம்பித்தான் ஒரு ரெயில் கிளம்பப் போகிறது!