விண்வெளியில் ஒரு வாணிகம்

ஐஸ்லாந்து நாட்டார் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஈவ் ஒன்லைன்' என்னும் கணினி விளையாட்டினை, என் மருகனின் வற்புறுத்தலால் ஒரு திங்களாக ஆடி வருகின்றேன். பண்டிதருக்கு இது தகுமோ என்று நண்பர்கள் நகைக்கின்றனர், நகைக்கட்டும்.

இன்ன வழியிற் செல்க என்று வகுத்து வைத்தார் இங்கு எவருமிலர். ஆடுவோரே விண்பாறைகளை அகழ்ந்து, கனிமம் பிரித்து, கலஞ் சமைத்து, 'ஜிற்றா' என்னும் பேரங்காடியில் விலை கூறி விற்கின்றனர். 7,000க்கு மேற்பட்ட விண்மீன் மண்டலங்களுள் பலவற்றை அவர்தம் கூட்டணிகளே ஆள்கின்றன. 2014 சனவரியில் ஒரு மண்டலத்துக்குரிய கட்டணம் செலுத்தத் தவறியதால் மூண்ட போர், ஏறக்குறைய 21 மணிநேரம் நீடித்து, 'டைற்றன்' என்னும் பெருங்கலங்கள் 75ஐ விழுங்கிற்றாம்!

மூன்றாம் நாள், கலம் நிறையத் தாது ஏற்றிய வேளை, முன்பின் அறியாதான் ஒருவன் என்னைச் சுட்டு வீழ்த்தினான். காவற்படை தோன்றி அவன் கலத்தையும் அழித்தது மெய்யே. என் கலமோ மீளவில்லை. இழந்தது இழந்ததே என்பது இங்கு விதி. அன்றிரவு உறக்கம் வரவில்லை. மணிமேகலையிலே சாதுவன் கலமுடைந்த செய்தியை எத்தனை வகுப்புகளில் அரை மணியில் முடித்திருக்கின்றேன்! நாணமாயிருந்தது.

மறுநாள், முகமறியா ஒருவர் புதுக்கலத்துக்கு வேண்டும் பொருளை அனுப்பி, "தனியே செல்லாதீர்கள்" என்று மட்டும் எழுதியிருந்தார். கொன்றவனுக்குக் கூட்டாளியோ என ஐயுற்றேன். ஆயினும் வாங்கிக்கொண்டேன்.