சட்டம் ஒன்று, விசில் வேறு

தங்கவயலில் நாங்கள் பந்து ஆடிய மைதானத்தில் புல் கிடையாது. சரளை மண். பக்கத்திலேயே சயனைடு மேடு. காற்று அடித்தால் அந்தத் தூள் மைதானம் முழுக்கப் படியும். விழுந்தால் முழங்கால் தோல் உரிந்துவிடும் என்பதால் எவனும் சறுக்கிப்போய்ப் பந்தைப் பறிக்க மாட்டான். நின்றபடியே, தோளோடு தோள் கொடுத்து இடித்துத்தான் பறிப்பான். எங்கள் லைன் பையன்களுக்குக் கால்பந்து என்றால் அதுதான்.

விசில் ஊதியவர் சுரங்கத்தில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர். ஷிப்ட் முடிந்து, குளித்துவிட்டு, வெள்ளை அரைக்கால்சட்டையோடு வருவார். தோள் இடிக்கு அவர் ஊதவே மாட்டார். ஆனால் ஒரு விஷயத்தில் படு கண்டிப்பு. எங்களில் பாதிப் பேர் பூட்ஸ் போட்டிருப்பார்கள், பாதிப் பேர் வெறுங்கால். பூட்ஸ்காரன் வெறுங்கால்காரனின் பாதத்தை மிதித்துவிட்டால், பந்தை முறையாக எடுத்திருந்தாலும் ஃபவுல்தான். இப்படி ஒரு விதி எந்தப் புத்தகத்திலும் இல்லை. அந்த மைதானத்துக்கு அது தேவைப்பட்டது, அவர் வைத்துக்கொண்டார்.

இப்போது பேரப்பிள்ளைகள் டி.வி.யில் இங்கிலாந்து, ஸ்பெயின், இத்தாலி ஆட்டங்களைப் பார்த்துவிட்டு, "தாத்தா, அங்கே ஃபவுல், இங்கே ஏன் இல்லை?" என்று கேட்கும்போதெல்லாம் அந்தப் பெரியவர்தான் என் கண்முன் வந்து நிற்கிறார்.

கால்பந்துக்கு உலகம் முழுவதும் 17 விதிகள்தான். எது ஃபவுல் என்று சொல்வது 12-ஆவது விதி. கவனக்குறைவாக இடித்தால் ஃபவுல். எதிராளிக்கு ஆபத்து என்று பாராமல் இடித்தால் மஞ்சள் அட்டை. அளவுக்கு மீறிய பலத்தைக் காட்டினால் சிவப்பு. நான் ரயில்வேயில் தண்டவாளம் அளந்தவன். அகலப் பாதை என்றால் 1676 மில்லிமீட்டர்; அதில் எத்தனை மில்லிமீட்டர் கூடலாம், குறையலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. 12-ஆவது விதியில் அப்படி எந்த அளவும் இல்லை. "அளவுக்கு மீறிய" என்றால் எந்த அளவு? அதை அந்தந்த நாட்டு ரெஃப்ரியின் காதும் கண்ணும் பழக்கமும்தான் முடிவு செய்கின்றன.

இது வெறும் டி.வி. முன் நடக்கும் வாக்குவாதம் இல்லை என்று எனக்குப் புரிந்தது 1978-இல். பெங்களூரில் ஒரு பெரிய நிறுவனம் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுப்பதாகச் செய்தி வந்தது. என் நண்பன் எங்கள் லைனின் சென்டர் ஹாஃப். அவனைத் தாண்டிப் பந்து போவது அபூர்வம். மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி இருவரும் போனோம். அவன் ஆட, நான் அவனுடைய பையைப் பிடித்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே நின்றேன். அழகான புல் மைதானம். முதல் பத்து நிமிடத்தில் மூன்று தடவை தோள் கொடுத்தான். மூன்றுக்கும் விசில். நான்காவது தடவை வெளியே அனுப்பிவிட்டார்கள். "ரஃப் ப்ளேயர்" என்று தேர்வாளர் சொன்னது என் காதிலேயே விழுந்தது. வாழ்க்கையில் ஒருவனையும் வேண்டுமென்று உதைத்தறியாதவன் அவன்.

அடுத்த வருடம் அவன் அப்பாவைப் போலவே சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கினான். அந்த ரெஃப்ரி ஊதியதில் தவறில்லை. எங்கள் பெரியவர் ஊதாமல் விட்டதிலும் தவறில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒருவனின் வேலை போயிற்று.

எங்கள் பெரியவருக்கு அந்தத் தோள் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், இங்கிலாந்திலிருந்துதான் என்று தோன்றுகிறது. 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கம் நடத்திய ஊர் இது. கார்ன்வால் சுரங்கக்காரர்கள் வந்தார்கள்; அவர்களோடு பந்தும் வந்தது. இங்கிலாந்தில் குளிர்காலம் முழுக்க மழை, சேறு. அந்தச் சேற்றில் நளினத்தைவிட உடம்பு வலுவுக்குத்தான் மரியாதை. தோளால் இடிப்பது ஆண்மைக்கு அடையாளம் என்றே அங்கே நினைத்தார்கள். 1958 மே 3 அன்று வெம்பிளியில் நடந்த கோப்பை இறுதியாட்டத்தில் போல்டன் அணியின் நாட் லாஃப்ட்ஹவுஸ், மான்செஸ்டர் யுனைடெட் கோல்கீப்பர் ஹாரி கிரெக்கைப் பந்தோடு சேர்த்துக் கோலுக்குள் தள்ளினார். மூன்று மாதம் முன்புதான் மியூனிக் விமான விபத்தில் உயிர் தப்பி, மற்றவர்களையும் இழுத்துக் காப்பாற்றியவர் கிரெக். ரெஃப்ரி கோல் கொடுத்தார். போல்டன் 2-0 என்று வென்றது. இத்தாலியிலோ ஸ்பெயினிலோ அதைச் செய்திருந்தால் சந்தேகமில்லாமல் ஃபவுல். அங்கே கோல்கீப்பர் தொடக்கூடாத ஆள்.

அந்தக் காலத்தில் நம்மவர்களும் இங்கிலாந்து மண்ணில் கால் வைத்தார்கள், அதுவும் வெறுங்காலை. 1948 ஒலிம்பிக்கில், ஜூலை 31 அன்று, லண்டனை அடுத்த இல்ஃபோர்டில் பிரான்சுக்கு எதிராக ஆடிய இந்திய அணியில் பெரும்பாலோர் பூட்ஸ் அணியவில்லை. மைசூர் அணியின் சாரங்கபாணி ராமன் ஒரு கோல் போட்டார். இரண்டு பெனால்டிகளைத் தவறவிட்டு 1-2 என்று தோற்றோம். 1952 ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியா நமக்குப் பத்து கோல் போட்டது. நமக்குக் கிடைத்த ஒன்றே ஒன்று பெங்களூர் அகமது கான் அடித்தது. அதற்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயமாயிற்று. எங்கள் சரளை மைதானத்துக்கு அந்தக் கட்டாயம் வந்து சேர இன்னும் முப்பது வருடம் பிடித்தது என்பது வேறு கதை.

இத்தாலியர்கள் வளர்த்த ஆட்டத்துக்குப் பெயரே "கத்தெனாச்சோ", அதாவது கதவின் தாழ்ப்பாள். ஹெலேனியோ ஹெர்ரேரா பயிற்சி தந்த இன்டர் மிலான் அந்தத் தாழ்ப்பாளைப் போட்டே 1964, 1965 இரண்டு வருடமும் ஐரோப்பியக் கோப்பையை எடுத்தது. ஒரு கோல் அடித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும் ஆட்டத்தில், கோலுக்கு அருகே யார் விழுந்தாலும் அது பெரிய வழக்கு. ஆகவே ஆட்டக்காரன் விழக் கற்றுக்கொண்டான். ரெஃப்ரி ஊதக் கற்றுக்கொண்டார். ரெஃப்ரியின் தீர்ப்பை மெதுவாக ஓட்டிக் காட்டி அலசும் டி.வி. நிகழ்ச்சி அங்கே 1960-களிலேயே வந்துவிட்டது. ரெஃப்ரி நியமனத்திலேயே கைவைத்த விவகாரத்தில் 2006-இல் யுவென்டஸ் அணியை இரண்டாம் பிரிவுக்கு இறக்கினார்கள். விசிலுக்கு அவ்வளவு விலை!

ஸ்பெயினில் குட்டிக் குட்டிப் பாஸ். பந்து வைத்திருப்பவனைக் காப்பாற்றுவது ரெஃப்ரியின் கடமை என்ற எண்ணம் அங்கே உண்டு. மஞ்சள் அட்டையும் இங்கிலாந்தைவிட அதிகம் பறக்கும். ஜெர்மனி இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கிறது.

அட்டை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 1966 உலகக் கோப்பையில் ஜெர்மன் ரெஃப்ரி க்ரைட்லைன், அர்ஜென்டினா கேப்டன் ராட்டினை வெளியேறச் சொன்னார். அவர் பாஷை இவருக்குத் தெரியாது, இவர் பாஷை அவருக்குத் தெரியாது, ராட்டின் நகரவில்லை. இந்தக் குழப்பத்தைப் பார்த்த ஆங்கிலேயர் கென் ஆஸ்டன், சாலை சிக்னல் விளக்கிலிருந்து மஞ்சள், சிவப்பு அட்டைகளைப் பிடித்தார். 1970 உலகக் கோப்பையில் அவை வந்தன. ஆனால் இங்கிலாந்து லீக் 1976-இல்தான் ஏற்றது, 1981-இல் கைவிட்டது, 1987-இல் மறுபடி எடுத்தது. கண்டுபிடித்தவர் வீட்டிலேயே இந்தக் கதி.

1995 டிசம்பரில் வந்த போஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு ஐரோப்பாவில் ஆட்டக்காரர்கள் எந்த எல்லையையும் தாண்டிப் போகிறார்கள். இங்கிலாந்து அணிகளில் ஸ்பெயின்காரர், பிரெஞ்சுக்காரர், பிரேசில்காரர் எல்லாரும் உண்டு, பயிற்சியாளர்களும் அப்படியே. ஆனால் உள்நாட்டு லீக்கில் விசில் ஊதுகிறவர்கள் பெரும்பாலும் அந்தந்த நாட்டுக்காரர்களே. ஆட்டம் கலந்துவிட்டது, விசில் கலக்கவில்லை. வித்தியாசம் இன்னும் மறையாததற்கு இதுதான் முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு. காணொளி உதவியிலும் இதே கதைதான். ஜெர்மனியும் இத்தாலியும் 2017-இல் தொடங்கின, ஸ்பெயின் 2018-இல், இங்கிலாந்து 2019-இல். அந்த முதல் வருடத்தில் இங்கிலாந்து ரெஃப்ரிகள் மைதானத்து ஓரத் திரையைப் போய்ப் பார்ப்பதே அபூர்வம்.

நம் பெங்களூருக்கே வருவோம். 2013-இல் தொடங்கிய பெங்களூரு எஃப்.சி.க்கு முதலில் ஆங்கிலேயர் ஆஷ்லி வெஸ்ட்வுட், பிறகு ஸ்பெயின்காரர்கள் ஆல்பர்ட் ரோகா, கார்லஸ் குவாட்ரத், அதன்பின் ஜெர்மனியிலிருந்து மார்கோ பெட்சையுவோலி. ஒரே கிளப், மூன்று நாட்டுப் பாடம். ஊதியவர்கள் நம் நாட்டு ரெஃப்ரிகள்.

2023 மார்ச் 3 அன்று கண்டீரவா மைதானத்தில் கேரளா பிளாஸ்டர்ஸோடு நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கூடுதல் நேரத்தில் கிடைத்த ஃப்ரீ கிக்கை, எதிரணி சுவர் கட்டும் முன்பே சுனில் சேத்ரி அடித்துக் கோலாக்கினார். ரெஃப்ரி கோல் என்றார். பிளாஸ்டர்ஸின் செர்பியப் பயிற்சியாளர் வுகோமனோவிச் தம் அணியை மைதானத்தைவிட்டே அழைத்துப் போய்விட்டார். கிளப்புக்கு நான்கு கோடி ரூபாய் அபராதம். அவருக்குப் பத்து ஆட்டத் தடை. இதே மாதிரி 2004 டிசம்பரில் ஆர்சனலின் தியெரி ஆன்றி செல்சீக்கு எதிராகச் சுவர் தயாராகும் முன்பே அடித்தார். ரெஃப்ரி கிரஹாம் போல் கோல் கொடுத்தார். சட்டப்படி, அடிப்பவன் தூரம் அளக்கச் சொல்லாதவரை சட்டென்று அடிக்கலாம். அளக்கச் சொல்லிவிட்டால் விசிலுக்குக் காத்திருக்க வேண்டும். அன்று என் கணக்கில் ரெஃப்ரி பக்கமே நியாயம். ஆனால் தாம் எப்போது ஊதுவார், எப்போது ஊதமாட்டார் என்பதை இரு தரப்புக்கும் கையசைத்துக் காட்டியிருந்தால் அந்த நான்கு கோடி மிஞ்சியிருக்குமோ என்று தோன்றுகிறது.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடியபோது என் நண்பனுக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. அதற்குப் பிறகு பல வருடம் விடியற்காலை ரயிலில் பெங்களூர் போய்க் காவல் வேலை பார்த்துவிட்டு இரவு திரும்பினான். இப்போது சனிக்கிழமை இரவுகளில் என் வீட்டுக்கு வருகிறான். இங்கிலாந்து ஆட்டம் மட்டும்தான் பார்ப்பான். ஒருவன் தோள் கொடுத்து, ரெஃப்ரி கையை விரித்து "ஆடு" என்று காட்டினால், "பார்த்தியாடா?" என்பான். அதற்கு மேல் ஒன்றும் பேசமாட்டான்.

பொங்கல் விளையாட்டு விழாவில் நம் சங்கப் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு விசில் ஊத என்னைக் கேட்டிருக்கிறார்கள். கோட்டு ஓரத்தில் கொடி பிடிக்க அவனும் வருகிறான். இரு அணிப் பிள்ளைகளும் கால் மணி நேரம் முன்னதாக வந்துவிட வேண்டும். தோள் எதுவரை, எங்கே ஃபவுல் என்பதை நாங்கள் இருவரும் இடித்தே காட்டுகிறோம். பூட்ஸ் இல்லாத பிள்ளைகளும் தாராளமாக வரலாம். அவர்கள் காலை மிதித்தால் ஃபவுல்.